இரண்டு கம்பு, ஒரு மூங்கில் துண்டு: கடற்கரை மணலை நாமே அளக்கலாம்

ஆனி, ஆடியில் அலை மணலை வாரிக்கொண்டு போவதும் பிறகு மெல்லத் திருப்பித் தருவதும் நம் மேற்குக் கரையில் வழக்கம்தான். ஆனால் போனது முழுவதும் திரும்பியதா என்று கேட்டால் ஊரில் ஆளுக்கொரு பதில். தூண்டில் வளைவு (மணல் அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீளும் கல் தடுப்பு) கேட்டு மனு எழுதினாலும், மணலைப் பிடித்து நிறுத்தும் அடம்பங்கொடி நட இடம் தேடினாலும் கையில் அளவு வேண்டும். 1961இல் அமெரிக்கக் கடல் புவியியலாளர் கே. ஓ. எமரி வெளியிட்ட முறை இதற்குப் போதும்.

ஒன்றரை மீட்டரில் ஒரே அளவாக இரண்டு மர ரீப்பர் எடுங்கள். பிவிசி குழாய் வேண்டாம், காற்றில் வளையும். உச்சியைப் பூஜ்யமாக வைத்துக் கீழ்நோக்கிச் சென்டிமீட்டர் கோடு போடுங்கள். ஈரமணலில் புதையாமலிருக்க அடியில் ஒரே கனத்தில் பலகைத் துண்டு அறையுங்கள். இடைவெளிக்கு நைலான் கயிறு கட்டுபவர்கள் உண்டு. அது இழுத்தால் நீளும். இரண்டு மீட்டர் மூங்கில் துண்டுதான் என் தேர்வு.

கடல் எட்டாத குருசடி (சிலுவை நட்ட சிறு வழிபாட்டிடம்) மேடையிலோ கோயில் மதிலிலோ பெயிண்டால் ஒரு குறி வைத்து, அங்கிருந்து நேராகக் கடலை நோக்கி இறங்குங்கள். மாதம் ஒருமுறை, அமாவாசையையோ பௌர்ணமியையோ ஒட்டி, ஓதம் நன்றாக வற்றிய நேரத்தில் அளந்தால் ஈரக்கரையும் கணக்கில் வரும்.

ஒரு கம்பைக் குறியருகேயும் மற்றதை மூங்கில் நீளத்துக்குக் கடல்பக்கம் தள்ளியும் நிறுத்துங்கள்; ஒவ்வொரு அளவுக்குப் பிறகும் கரைப்பக்கக் கம்பைக் கடல்பக்கக் கம்பு நின்ற இடத்துக்கு மாற்றி, அதே இடைவெளியில் தொடருங்கள். எல்லாரும் தடுமாறுவது அடுத்த இடத்தில். கரைப்பக்கக் கம்பின் அருகே நின்று, கடல்பக்கக் கம்பின் உச்சியும் தொடுவானமும் ஒரே கோட்டில் வரும்வரை கண்ணைத் தாழ்த்துங்கள். அப்போது உங்கள் கண் கரைப்பக்கக் கம்பில் எந்தக் கோட்டுக்கு நேராக இருக்கிறதோ அதுதான் இறக்கம். சில இடங்களில் மணல் கடல்பக்கம் மேடேறும். அங்கே எல்லாம் தலைகீழ்: கரைப்பக்கக் கம்பின் உச்சியில் கண்ணை வைத்து, தொடுவானக் கோடு கடல்பக்கக் கம்பை எங்கே வெட்டுகிறது என்று பார்க்க வேண்டும். இறக்கத்துக்குக் கழித்தல், ஏற்றத்துக்குக் கூட்டல் குறியை அங்கேயே எழுதிவிடுங்கள். −12, −9, +4 என்றால், ஆறு மீட்டர் தள்ளி மணல் 17 சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கிறது. குறியை விட்டால் மேடு பள்ளமாகிவிடும்; வீட்டில் உட்கார்ந்து அதைச் சரிசெய்ய வழியில்லை.

தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறும் காலம். தடம் தெரிந்தால் அந்த இடத்தில் கம்பு ஊன்றாதீர்கள்.

இந்த அளவுகளை வரைபடமாக வரைந்து, ஆடி அலை எட்டிய இடத்தையும் அதில் குறித்துவிட்டால், அடம்பங்கொடியை அந்த இடத்துக்கு மேலே, ஐப்பசி மழையில் நடலாம். கொடி கணுவில் வேர்விடும். ஆகவே துண்டில் இரண்டு கணுவாவது மண்ணுக்குள் போக வேண்டும்.

பிற்சேர்க்கை: தூண்டில் வளைவின் கற்கள் தொடுவானத்தை மறைக்கிறதே என்று சிலர் கேட்டிருந்தீர்கள். காலை மூட்டத்திலும் இதே சிக்கல்தான். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூபை இரண்டு கம்புகளிலும் சேர்த்துப் பிடியுங்கள். இரு பக்க நீர்மட்டத்தையும் உச்சியிலிருந்து படித்து வித்தியாசத்தை எழுதினால் போதும். டியூபுக்குள் காற்றுக்குமிழி இருந்தால் அளவு பொய்யாகிவிடும். முதலில் அதைத் தட்டி வெளியேற்றுங்கள்.