படம் கீறுகிற கணினிக்கு எவ்வளவு றாம், எந்த றாம்?

கிளிநொச்சியில் வீட்டுப் பிளான் கீறுவதுதான் என் வேலை. இடைக்கிடை வாய்க்கால் படம், உள்வீதிப் படம் என்று வருவதையும் விடுவதில்லை. கணினி திருத்துவது என் தொழில் அல்ல, ஆனாலும் படம் கீறுகிற மென்பொருளான ஓட்டோகாட் படிக்கிற பெடியள் முதல் ஒப்பந்தகாரர் வரை மாதத்துக்கு இரண்டு பேராவது வந்து, "அண்ணை, படம் இழுபடுது, 32 ஜிபி றாம் போட்டால் சரிவருமோ?" என்று கேட்கிறார்கள். றாம் என்பது திறந்திருக்கிற வேலையைக் கணினி தற்காலிகமாக வைத்திருக்கிற மெமரி. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: இப்போது இருக்கிற றாம் நிரம்புகிறதா? பெரும்பாலும் பதில் வராது. காணியை அளக்காமல் பிளான் கீறித் தா என்று ஒருவர் வந்து நின்றால் நாங்கள் என்ன சொல்வோம்? இதுவும் அப்படித்தான். 2025 கடைசியில், செயற்கை நுண்ணறிவுக்கென்று பெரிய நிறுவனங்கள் சிப்புகளை அள்ளத் தொடங்கியதோடு மெமரி விலை ஏறின ஏற்றத்துக்கு, அளக்காமல் வாங்குவது சின்ன நட்டமும் அல்ல.

அளப்பது சுலபம். வேலை மும்முரமான ஒரு நாளில், உங்களிடம் இருப்பதிலேயே பாரமான படத்தைத் திறந்துகொள்ளுங்கள். குரோம், வாட்ஸ்அப், பிடிஎஃப், பாட்டு என்று வழக்கமாகத் திறந்து கிடக்கிற எதையும் மூட வேண்டாம், ஏனென்றால் உண்மையான வேலைநாளில் நீங்கள் அவற்றை மூடுவதில்லை. இப்போது கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மனேஜர் வரும். அதில் பெர்ஃபோமன்ஸ், அதற்குள் மெமரி. படத்தைப் பெரிதாக்குங்கள், சுருக்குங்கள், அச்சுக்கு ஒரு பிளொட் கொடுத்துப் பாருங்கள், அரை மணித்தியாலம் வேலை செய்துவிட்டு மறுபடி வந்து எண்ணைப் பாருங்கள். 16 ஜிபியில் 10, 11 என்று நின்றால் உங்கள் பிரச்சினை றாம் அல்ல, காசை வைத்திருங்கள். 14, 15 என்று ஏறி அங்கேயே நிற்கிறது, கூடவே 'கமிட்டட்' என்று போட்டிருக்கிற இடத்தில் முதல் எண் உங்கள் றாமைத் தாண்டியிருக்கிறது என்றால் றாம் காணாது. மிச்சத்தை விண்டோஸ் டிஸ்கில் கொண்டுபோய் வைத்து வைத்து எடுக்கிறது. பழைய சுழல் ஹார்ட் டிஸ்க் பூட்டிய கணினி என்றால், அந்த நேரத்தில் ஒரு கோட்டைத் தெரிவு செய்துவிட்டு எழுந்து போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வரலாம்.

சரி, றாம் நிரம்பவில்லை, ஆனாலும் இழுபடுகிறது. அப்போது?

பெரும்பாலான நேரம் குற்றவாளி படம்தான். வட்டக்கச்சியிலிருந்து வந்த ஒரு தம்பியின் இரண்டு மாடி வீட்டுப் பிளான் 90 எம்பிக்கு மேல் இருந்தது. அவ்வளவு பெரிதாக அதில் ஒன்றும் இல்லை. இணையத்தில் கிடைத்த கதிரை, கட்டில், கார், மரம் எல்லாவற்றையும் வேறு வேறு படங்களிலிருந்து கொப்பி பண்ணி ஒட்டியிருக்கிறார். ஒவ்வொரு ஒட்டலோடும் பாவிக்காத பிளொக்குகள் (ஒன்றாகக் கட்டிய உருவங்கள்), லேயர்கள் (படத்தின் அடுக்குகள்), மைக்ரோஸ்டேஷன் என்ற வேறொரு மென்பொருளின் பக்கத்திலிருந்து வந்த கோட்டுவகைகள் என்று கண்ணுக்குத் தெரியாத குப்பை சேர்ந்து வந்திருக்கிறது. பிழை திருத்த ஓடிட் கட்டளை கொடுத்து, பாவிக்காததை நீக்க பர்ஜ் கொடுத்து, அதுக்கும் மசியாத மிச்சத்துக்கு வேண்டியதை மட்டும் டபிள்யூ-பிளொக் செய்து புதுக் கோப்பாக எடுத்தோம். கடைசியில் 4 எம்பி. அந்தத் தம்பி 32 ஜிபிக்குக் காசு கொண்டு வந்திருந்தார். ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கிற கோடுகளை நீக்க ஓவர்கில் என்று ஒரு கட்டளை இருக்கிறது, அதையும் ஒரு தரம் ஓட்டுங்கள், ஆனால் முதலில் கோப்பின் பிரதி ஒன்றை எடுத்து வைத்துவிட்டு.

இன்னொன்று, நில அளவைப் படத்தின் மேல் வேலை செய்கிறவர்களுக்கு. இலங்கை நில அளவைக்குரிய எஸ்எல்டி99 ஆள்கூறில் மத்திய இலங்கையில் உள்ள தொடக்கப் புள்ளிக்கே கிழக்கு 500,000 மீற்றர், வடக்கு 500,000 மீற்றர் என்று கொடுத்திருக்கிறார்கள். கிளிநொச்சிக்கு வரும்போது வடக்கு எண் ஏழரை லட்சத்தையும் தாண்டிவிடும். பூச்சியத்திலிருந்து இவ்வளவு தள்ளி, அதையும் மில்லிமீற்றரில் கீறினால், ஹட்ச் (நிரப்புக் கோடுகள்) சிதறும், வளைவுகள் பல்லுப்பல்லாகத் தெரியும், பெரிதாக்கும்போது கோடுகள் ஆடும். இதைப் பார்த்துவிட்டு றாம் மாற்றியவர்கள் இருக்கிறார்கள். எவ்வளவு றாம் போட்டாலும் அது ஆடும். வீட்டை பூச்சியத்துக்குப் பக்கத்தில் தனிக் கோப்பில் கீறிவிட்டு, அளவைப் படத்துக்குள் எக்ஸ்ரெஃபாக, அதாவது தொடுத்த வெளிக் கோப்பாக, இடம் பார்த்து வையுங்கள்.

சுழல் ஹார்ட் டிஸ்கை, சுழலாத வேகமான எஸ்எஸ்டியாக மாற்றாமல் றாம் போடுவதும் பின்பக்கமாக வேலை செய்வது மாதிரித்தான். அதைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை, மாற்றுங்கள்.

இனி உண்மையாகவே றாமை விழுங்குகிறவை. சும்மா இருக்கிற விண்டோஸே 3, 4 ஜிபியை எடுத்துக்கொள்ளும், குரோமில் பத்து டாப் திறந்திருந்தால் இன்னும் இரண்டு போய்விடும். ஆகவே 8 ஜிபி கணினியில் உங்கள் படத்துக்குக் கிடைப்பது இரண்டோ மூன்றோதான். வீட்டுப் பிளான், பிரதேச சபைக்குக் கொடுக்கிற படம், வெட்டுமுகம், முகப்பு என்ற அளவில் இருபரிமாண ஓட்டோகாட்டுக்கு அதிலும் சமாளிக்கலாம், ஆனால் வசதியாக இருக்க 16 வேண்டும். ஓட்டோகாட்டின் அண்மைய பதிப்புகளுக்கு, அதைச் செய்கிற ஓட்டோடெஸ்க் நிறுவனம் சொல்வது குறைந்தது 8, பரிந்துரை 32. அந்த 32 என்ற எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். முப்பரிமாணம், பெரிய எக்ஸ்ரெஃப், பொயின்ட் கிளவுட் (ஸ்கானர் எடுக்கிற புள்ளிக் கூட்டம்) எல்லாம் சேர்த்து எல்லாருக்குமாகப் போடுகிற எண் அது.

படத்துக்கு அடியில் ட்ரோன் படம் போட்டால் கதை மாறும். குளக்கட்டோ வயல்வெளியோ, 20,000க்கு 20,000 பிக்சல் உள்ள ஒரு ட்ரோன் படம் ஜேபெக் கோப்பாக நூறு சொச்சம் எம்பிதான் இருக்கும், பென் டிரைவில் போட்டுத் தருவார்கள், சின்னதாகத்தான் தெரியும். ஆனால் மெமரியில் அதை முழுசாக விரித்தால் 40 கோடி பிக்சல், ஒவ்வொன்றுக்கும் 4 பைட், மொத்தம் 1.6 ஜிபி. இப்படி நாலு படத்தை ஒட்டினால் 16 ஜிபி கணினி திணறுவதில் அதிசயம் இல்லை. வீதி, வாய்க்கால் வேலைக்கான சிவில் 3டி மென்பொருளில் தரைமேற்பரப்பு, வாய்க்கால் நெடுக்குவெட்டு என்று வேலை செய்கிறவர்கள் 32க்குக் கீழே வாங்கவே வேண்டாம்.

கட்டடத்தை முப்பரிமாண மொடலாகக் கீறுகிற றெவிட் மென்பொருள் வேறு பிறவி. ஓட்டோகாட் கோடுகளை வைத்திருக்கிறது, றெவிட் கட்டடத்தையே வைத்திருக்கிறது, கதவு ஒன்றை நகர்த்தினால் சுவர், அட்டவணை, வெட்டுமுகம் எல்லாம் அதோடு மாற வேண்டும். கோப்பு டிஸ்கில் எவ்வளவோ, மெமரியில் அதைப்போலப் பல மடங்கு. ஓட்டோடெஸ்க்கே குறைந்தது 16 என்றுதான் தொடங்குகிறது, அதுவும் ஏறக்குறைய 300 எம்பி வரையிலான ஒற்றை மொடலுக்கு. கூரை மரவேலை, மின், தண்ணீர்க் குழாய் என்று தனித்தனி மொடல்களைத் தொடுத்தால் 32 வேண்டும். லுமியன் மாதிரி, மொடலை நிஜப் படம் போலக் காட்டுகிற ரெண்டர் மென்பொருளும் கூடவே ஓடுகிறது என்றால் 32இல் தொடங்கி 64க்கு இடம் விட்டு வையுங்கள், ஆனால் அங்கே முதலில் கிராபிக்ஸ் காட்டைப் பாருங்கள், றாம் அதற்குப் பிறகு. எளிய முப்பரிமாண மென்பொருளான ஸ்கெட்ச்அப் மட்டும் என்றால் 16 தாராளம்.

அளவு முடிவாகிவிட்டது. அடுத்தது எந்த வகை என்பது. இங்கேதான் ஆட்கள் அதிகம் காசை விடுகிறார்கள்.

றாமின் தலைமுறைகளான டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. 4க்கும் 5க்கும் ஊசி எண்ணிக்கை ஒன்றுதான், 288, ஆனாலும் நடுவில் உள்ள வெட்டு இடம் மாறியிருக்கும், மின்னழுத்தமும் வேறு. பிடித்து அமத்தினால் இறங்கிவிடும் என்று நினைத்தால் றாம் பூட்டுகிற இடமான ஸ்லொட் உடையும். லாப்டொப்புக்கு உரியது கட்டை ஸ்டிக் (றாம் துண்டு), அதிலும் இதே பிரிவுகள். உங்களிடம் இருப்பது எது என்று அறிய கணினியைக் கழற்றத் தேவையில்லை, சிபியூ-இசட் என்ற இலவச மென்பொருளைப் போட்டால் வகை, வேகம், எந்த ஸ்லொட்டில் என்ன இருக்கிறது எல்லாம் சொல்லும். டாஸ்க் மனேஜரின் அதே மெமரிப் பக்கத்திலும் இரண்டு ஸ்லொட்டில் ஒன்று பாவனையில் என்று போட்டிருக்கும். அந்தப் பக்கத்தை போனில் படம் பிடித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். வவுனியாவோ யாழ்ப்பாணமோ கொழும்பு யூனிட்டி பிளாசாவோ, கடைக்காரர் கேட்கிற முதல் கேள்விக்கு அதில் பதில் இருக்கும். ஏ9 வீதியில் மாற்றுவதற்கென்று திரும்ப ஒரு நாள் அலைய வேண்டியிருக்காது.

புது லாப்டொப் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும்: றாம் கழற்றலாமா, மதர்போட்டோடு (கணினியின் தாய்ப் பலகையோடு) சேர்த்து சோல்டர் பண்ணியதா? மெல்லிய லாப்டொப்புகள் பலவற்றில் ஒட்டித்தான் வருகிறது. அங்கே 8 வாங்கினால் சாகும்வரை 8தான்.

ஒற்றை 16ஐ விட இரண்டு 8 நல்லது. புரொசஸருக்கும் மெமரிக்கும் இடையில் இரண்டு பாதைகள் உண்டு, ஒரு ஸ்டிக் போட்டால் ஒரு பாதை சும்மா கிடக்கும். டிடிஆர்4 3200 ஒரு பாதையில் செக்கனுக்கு 25.6 ஜிபி கொண்டுபோகும், இரண்டாகப் போட்டால் 51.2. தனிக் கிராபிக்ஸ் காட் இல்லாத கணினியில் திரையும் இதே றாமில்தான் ஓடுகிறது, ஆகவே அங்கே வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். நாலு ஸ்லொட் உள்ள மேசைக் கணினி என்றால் வழக்கமாகப் புரொசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நாலாவதிலும் போட வேண்டும், மதர்போட்டில் ஏ2, பி2 என்று பொடி எழுத்தில் எழுதியிருக்கும். டிடிஆர்5இல் நாலையும் நிரப்பினால் வேகம் இறங்குவது வழமை, அதனால் இரண்டு பெரிய ஸ்டிக்காக எடுங்கள். பழையதோடு புதியதைச் சேர்க்கலாம், தப்பில்லை, இரண்டில் வேகம் குறைந்தது எதுவோ அந்த வேகத்தில் இரண்டும் ஓடும்.

வேகத்துக்கென்று மேலதிகமாகக் காசு கொட்டாதீர்கள். படம் கீறும் வேலையில் 3200க்கும் 3600க்கும் உள்ள வித்தியாசம் உங்கள் கைக்குத் தெரியாது. 3600 என்று எழுதியதை வாங்கிப் போட்டாலும் பயாஸில் (கணினி எழும்பும்போது வருகிற அமைப்புத் திரையில்) எக்ஸ்எம்பி என்ற வேக அமைப்பைத் திறக்காவிட்டால் அது குறைந்த வேகத்தில்தான் ஓடும். அளவு போதாமல் போனால்தான் வேலை நிற்கும்.

இப்போது நான் ஏமாந்த கதை. பழைய வேர்க்ஸ்டேஷன்கள் இங்கே நல்ல விலைக்கு வருகின்றன, அவற்றுக்கான றாமும் மலிவு. ஒரு கடையில் 16 ஜிபி ஸ்டிக் இரண்டு, சாதாரண விலையில் பாதிக்கும் குறைவு, டிடிஆர்4 என்று தெளிவாக எழுதியிருந்தது, வெட்டும் பொருந்தியது. வீட்டுக்குக் கொண்டுவந்து என் சாதாரண மதர்போட்டில் பூட்டினால் கறுப்புத் திரையும் பீப் சத்தமும்தான். அது ரெஜிஸ்டர்ட் இசிசி, சேர்வருக்கும் சில வேர்க்ஸ்டேஷனுக்கும் மட்டும் உரியது. ஸ்டிக்கரில் வேகத்துக்குப் பக்கத்தில் ஆர் என்ற ஆங்கில எழுத்து இருந்ததை நான் கவனிக்கவில்லை, யூ என்றால்தான் எங்கள் மாதிரி ஆட்களுக்கு. திருப்பி எடுக்க மாட்டோம் என்று விட்டார்கள். இசிசி என்பது மெமரியில் ஏற்படுகிற சின்னப் பிழையைத் தானே திருத்துகிற வகை, பாலத்துக்கும் பெரிய கட்டடத்துக்கும் நாள்கணக்கில் கணக்குப் போட விடுகிறவர்களுக்குப் பெறுமதி. வீட்டுப் பிளானுக்குத் தேவையே இல்லை.

பூட்டும்போது கரண்ட் வயரைக் கழற்றுங்கள், லாப்டொப் என்றால் பற்றரியையும். உலோகப் பெட்டியைத் தொட்டுவிட்டு ஸ்டிக்கின் ஓரத்தில் பிடியுங்கள். சோளகம் வீசுகிற மாதங்களில் எங்கள் பக்கத்துப் புழுதி பெட்டிக்குள் எவ்வளவு போகும் என்று உங்களுக்குத் தெரியும். கணினி திடீரென்று எழும்பாவிட்டால் புது றாம் வாங்க முன்னர் பழையதைக் கழற்றி, பொன்னிறப் பற்களை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைத் துடைத்துவிட்டுப் பூட்டிப் பாருங்கள். பாதி தரம் அதுவே எழும்பிவிடும்.

றாமில் இருப்பது கரண்ட் போனால் போய்விடும், அது 8 ஆனாலும் 64 ஆனாலும். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டின நாட்களில் யூபிஎஸ் இல்லாதவர்கள் பட்டது கொஞ்சமல்ல. ஓட்டோகாட்டில் சேவ்டைம் என்று அடித்து, தானாகச் சேமிக்கிற இடைவெளியை 10 நிமிடத்திலிருந்து 5 ஆக்கிவிடுங்கள். 16 ஜிபியோடு நின்று மிச்சக் காசில் யூபிஎஸ் வாங்கினால் அது நல்ல வியாபாரம்.

கடைசியாக, புது றாம் பூட்டிய அன்றைக்கே சோதியுங்கள். விண்டோஸ் மெமரி டயக்னொஸ்டிக் என்று தேடினால் வரும், அது ஒரு மேலோட்டம். மெம்டெஸ்ட்86ஐ பென் டிரைவில் போட்டு இரவு முழுக்க ஓட விடுவது இன்னும் நம்பிக்கை. ஒரு பிழை காட்டினாலும் ஸ்டிக்கைத் திருப்பிக் கொடுங்கள், ஏனென்றால் அந்த ஒரு பிழைதான் ஆறு மாதம் கழித்துத் திறக்காத கோப்பாக வரும். திருப்பிக் கொடுக்க பில் வேண்டும், பில்லில் ஸ்டிக்கின் தொடர் இலக்கம் எழுதியிருக்க வேண்டும், வாங்கும்போதே எழுதச் சொல்லி வாங்குங்கள்.