காணாமல் போன குவேக்கர் முன்னோர்: தேடும்போது செய்யக் கூடாத தவறுகள்

குவேக்கர் என்றதும் ஓட்ஸ் டப்பாவில் தொப்பி போட்டுச் சிரிக்கும் தாத்தாதான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவார். அந்தக் கம்பெனிக்கும் இந்தச் சமயக் குழுவுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. நேர்மையானவர்கள் என்ற பெயரை இரவல் வாங்கிக்கொண்டதோடு சரி. நிஜக் குவேக்கர்கள் 1650களில் இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸைச் சுற்றித் திரண்டவர்கள். தங்களை ‘நண்பர்கள்’ என்று சொல்லிக்கொண்டார்கள். பாதிரியார் வேண்டாம், ஞானஸ்நானம் வேண்டாம், சத்தியம் செய்ய மாட்டோம், தேவாலயத்துக்குப் பத்தில் ஒரு பங்கு தரும் தசமபாகம் கட்ட மாட்டோம் என்று நின்றவர்கள். வம்சாவளி தேடுகிறவருக்குத் தலைவலியும் இங்கேதான் தொடங்குகிறது. மற்ற இங்கிலாந்துக்காரர்களைத் தேடுகிற மாதிரியே இவர்களையும் தேடினால் அகப்பட மாட்டார்கள்.

பலரும் செய்வது இது: ஊர்த் தேவாலயத்தின் பதிவேட்டைத் திறந்து ஞானஸ்நானப் பக்கங்களைப் புரட்டுவார்கள். பெயர் இல்லை என்றதும் ‘பதிவு அழிந்துவிட்டது’ என்று மூடிவிடுவார்கள். அழியவில்லை. குவேக்கர் குழந்தையின் பிறப்பை அவர்களுடைய ‘மாதக் கூட்டம்’ தனியாக எழுதி வைத்தது. பல ஊர்ச் சபைகள் சேர்ந்த நிர்வாக அமைப்பு அது. ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி ‘எந்தத் தேவாலயம்?’ அல்ல, ‘அந்த ஊர் எந்த மாதக் கூட்டத்தைச் சேர்ந்தது?’ என்பது. அதன் எல்லை ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட பகுதியின் எல்லையோடு ஒத்துப்போக வேண்டும் என்று கட்டாயமில்லை.

அதற்காகத் தேவாலய ஆவணங்களைத் தூக்கி எறிந்துவிடவும் கூடாது. 1695இல் பிறப்பு, திருமணம், அடக்கம் ஆகியவற்றுக்கு அரசு வரி போட்டது. அதனால் அடுத்த சில ஆண்டுகளுக்கு ஞானஸ்நானம் பெறாத குழந்தைகளின் பிறப்பையும் குறிக்க வேண்டிய கடமை பாதிரியார்களுக்கு வந்தது. அந்தக் காலப் பதிவேடுகளில் குவேக்கர் வீட்டுப் பிள்ளைகள் தலைகாட்டுவது உண்டு. தசமபாகம் கட்டாதவர்கள், வழிபாட்டுக்கு வராதவர்கள் என்று தேவாலய அதிகாரிகள் கொடுத்த புகார்ப் பட்டியல்களும் நமக்கு ஆதாயம்தான். இருபது வயதில் ஒருவர் திடீரென்று ஞானஸ்நானம் பெற்றிருந்தால் அவர் குவேக்கர் வீட்டிலிருந்து வெளியே வந்தவரா என்று பாருங்கள்.

அடுத்தது மாதக் கணக்கு. தேர்ந்தவர்களே சறுக்குகிற இடம். கிழமைகளின் பெயரும் மாதங்களின் பெயரும் புறச்சமயத் தெய்வங்களின் பெயரில் வந்தவை என்று குவேக்கர்கள் அவற்றைச் சொல்ல மாட்டார்கள். ஞாயிறு ‘முதல் நாள்’, மாதங்களுக்கும் எண்தான். ஆனால் 1752க்கு முன் இங்கிலாந்தில் ஆண்டு பிறந்தது மார்ச் 25இல். எனவே ‘முதல் மாதம்’ மார்ச், ‘பதினொன்றாம் மாதம்’ ஜனவரி, ‘பன்னிரண்டாம் மாதம்’ பிப்ரவரி. சித்திரையில் ஆண்டு பிறக்கும் நமக்கு இது அவ்வளவு விசித்திரமாகத் தோன்றாது. 1752 முதல் ஜனவரியே முதல் மாதம் ஆகிவிட்டது. அந்த ஆண்டு செப்டம்பர் 2க்கு அடுத்த நாள் 14. நடுவில் பதினொரு நாட்கள் கிடையாது.

தாமஸ் பெய்னை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கப் புரட்சிக்குப் பேனா பிடித்த இவருடைய தந்தை குவேக்கர், தாய் இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்தவர். தெட்ஃபர்டில் 1736 ஜனவரி 29இல் பிறந்தார் என்பது பழைய கணக்கு. ஜனவரியில் ஆண்டைத் தொடங்கினால் அது 1737. அந்தத் தேதியையே குவேக்கர் பாணியில் எழுதினால் 29-11-1736 என்று வரும். இன்றைய கண்ணோடு பார்க்கிறவர் நவம்பர் என்று குறித்துக்கொள்வார்! இதனால் வரும் கூத்து ஒன்றல்ல. ஒருவர் 1730 பன்னிரண்டாம் மாதம் அடக்கம் செய்யப்பட்டார், அவருடைய உயில் செல்லும் என்று 1730 மார்ச் தொடக்கத்தில் நிரூபிக்கப்பட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் என்று படித்தால் மனிதர் சாவதற்கு ஒன்பது மாதம் முன்பே உயில் நிறைவேறிவிடும். பிப்ரவரி என்று படித்தால் எல்லாம் சரியாக அமரும். ஏட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே முதலில் எழுதிக்கொண்டு, உங்கள் மாற்றத்தைப் பக்கத்தில் போடுங்கள். இதில் சோம்பல் கூடாது.

திருமணத்துக்கு வருவோம். 1754இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி இங்கிலாந்தில் தேவாலயத்தில்தான் கல்யாணம் செய்தாக வேண்டியிருந்தது. குவேக்கர்களுக்கும் யூதர்களுக்கும் மட்டும் விலக்கு. அதனால் அதற்குப் பிறகு ஒரு குவேக்கரின் கல்யாணம் தேவாலய ஏட்டில் இருந்தால், ‘ஆகா, கிடைத்துவிட்டது’ என்று அங்கேயே நிற்காதீர்கள். சபைக்கு வெளியே மணந்திருக்கிறார், பெரும்பாலும் அதற்காகச் சபையிலிருந்து விலக்கப்பட்டும் இருப்பார். அந்தக் கதை மாதக் கூட்டத்தின் மினிட்ஸ் புத்தகத்தில், அதாவது கூட்டக் குறிப்பேட்டில், இருக்கும். வெளியே மணந்தவரை விலக்கும் வழக்கம் 1860 வாக்கில்தான் நின்றது.

சபைக்குள் நடந்த கல்யாணம் என்றால் வந்திருந்தவர்கள் எல்லாரும் சான்றிதழில் கையெழுத்துப் போட்டிருப்பார்கள், உறவினர்கள் பெரும்பாலும் தனிப் பத்தியில். மாமா யார், அத்தை யார் என்று ஒரே தாளில் தெரிந்துவிடும். ஆனால் பலர் சுருக்கப் பதிவேட்டோடு நின்றுவிடுகிறார்கள். 1840 சட்டப்படி பழைய பதிவேடுகளை அரசிடம் ஒப்படைக்கும் முன், குவேக்கர்கள் அவற்றிலிருந்து அகரவரிசைச் சுருக்கம் தயாரித்தார்கள். தேட வசதியானது, ஆனால் சாட்சிகளின் பெயர் அதில் இல்லை. மூலம் லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், ஆர்ஜி 6 என்ற வரிசையில் இருக்கிறது. சுருக்கத்தில் பெயர் கண்டதும் மூலத்துக்குப் போய்விட வேண்டும்.

மினிட்ஸ் புத்தகங்கள் பெரும்பாலும் அந்தந்த மாவட்ட ஆவணக் காப்பகங்களில் உள்ளன. படிக்கப் பொறுமை வேண்டும். ஆனால் ஆட்கள் உயிரோடு நடமாடுவது அங்கேதான். வேறு ஊருக்குக் குடிபோனவருக்கு இடமாற்றச் சான்று கொடுத்திருப்பார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியாவுக்குக் கப்பல் ஏறியவரையும் அதை வைத்தே தொடரலாம். பெண்களுக்குத் தனிக் கூட்டம், தனிப் புத்தகம். அதைத் திறந்து பார்க்காமலே பலர் திரும்பிவிடுகிறார்கள் என்பதுதான் வருத்தம்.

விலக்கப்பட்டவர் அதோடு குவேக்கர் உலகத்திலிருந்தே மறைந்தார் என்று கோடு போட்டுவிடுவதும் தவறு. சிறைச் சீர்திருத்தவாதி எலிசபெத் ஃப்ரையின் கணவர் ஜோசப், 1828இல் வங்கி நொடித்ததால் விலக்கப்பட்டார். எலிசபெத் கடைசி வரை குவேக்கர்தான். 1845இல் பார்க்கிங் ஊரின் குவேக்கர் இடுகாட்டில்தான் அடக்கம் ஆனார். விலக்கப்பட்டவர்களும் வழிபாட்டுக்கு வந்து உட்காரலாம், அவர்களுடைய இடுகாட்டில் இடமும் கிடைக்கலாம். அதனால் அடக்கப் பதிவில் பெயர் இருப்பதை வைத்து உறுப்பினர் என்று முடிவு கட்டாதீர்கள். ‘உறுப்பினர் அல்லாதவர்’ என்ற குறிப்பு பக்கத்திலேயே இருக்கக்கூடும்.

இடுகாட்டுக்கே நேரில் போய்க் கல்லறைக் கல்லைத் தேடலாம் என்று கிளம்புகிறவர்களுக்கு ஒன்று. கல் வைப்பது ஆடம்பரம் என்று 1717இல் குவேக்கர்களின் தலைமை அமைப்பான ஆண்டுக் கூட்டம் தடுத்தது. 1850இல்தான் எளிய கற்களுக்கு அனுமதி கிடைத்தது. பென்சில்வேனியாவை நிறுவிய வில்லியம் பென் 1718இல் இங்கிலாந்தின் ஜோர்டன்ஸ் கிராமத்தில் புதைக்கப்பட்டார். இன்று அங்கே நிற்கிற கல் 19ஆம் நூற்றாண்டில் வைத்தது.