பழைய சிறு விமானத்தின் உட்புறத்தைப் புதுப்பிக்கும்போது நேரும் தவறுகள்

சுங்கை சிப்புட்டில் லாரிக்கும் காருக்கும் குஷன் தைத்துத் தரும் கடைக்கு ஒரு பழைய செஸ்னா 172 விமானத்தின் முன்னிருக்கைகளைக் கொண்டு சென்றிருந்தேன். கடைக்கார அண்ணன் எடுத்துக் காட்டிய உறைத்துணியின் ஓரத்தைக் கத்தரித்து, வெளியே கொண்டுபோய்த் தீக்குச்சியைக் காட்டினோம்; நெருப்பை விலக்கிய பிறகும் அது கரும்புகையுடன் உருகிச் சொட்டியபடி எரிந்தது. "இது வேணாம்யா" என்று அவரே சுருட்டி வைத்துவிட்டார். ஒரு துணியை ஒதுக்கத்தான் தீக்குச்சி உதவும்; ஏற்றுக்கொள்வதற்குத் துணிக்கும் பஞ்சுக்கும் தீத்தடுப்புச் சோதனைச் சான்றிதழ் வேண்டும்.

இருக்கையைவிட எனக்குக் கவலை தருவது காற்றோட்டப் பகுதிதான். நம் ஊர் வெக்கையில் ஹீட்டர் எதற்கு என்று அதைத் திறந்தே பார்க்காமல் விடுவது பெரிய தவறு. இவ்வகை விமானங்களில் இன்ஜினின் புகைபோக்கியைச் சுற்றியுள்ள உறைக்குள் காற்று சூடேறி, ஆட்கள் உட்காரும் அறைக்குள் வருகிறது. புகைபோக்கியில் விரிசல் விழுந்து, அடைப்பு வால்வும் சரியாக மூடாவிட்டால், ஹீட்டர் குமிழைத் தொடாமலேயே நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு உள்ளே கசியும். ஆகவே உட்புறம் கழற்றிக் கிடக்கும் நாளிலேயே உரிமம் பெற்ற பொறியாளரிடம் அதைக் காட்டிவிட வேண்டும். சூடான இடத்தில் இருந்த ஆரஞ்சு நிறச் சிலிக்கோன் குழாய்க்குப் பதிலாக, வெப்பம் குறைவாகவே தாங்கும் கறுப்பு நியோப்ரீன் குழாயை மாட்டுவதும், கிழிந்ததை டேப் சுற்றி ஒப்பேற்றுவதும் கூடாது.

செம்பனைத் தோட்டங்களை ஒட்டி நிறுத்தப்படும் விமானங்களுக்கு மண்குளவித் தொல்லையும் உண்டு. இறக்கையின் முன்விளிம்பில், அறைக்குள் காற்று வரும் துளைக்குள் அது கூடு கட்டியிருக்கும்போது வெளியிலிருந்து கம்ப்ரசரால் ஊதினால், மண் இன்னும் ஆழத்தில் போய் அடையும். குழாயை இரு முனையிலும் கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

வெடித்த ஏபிஎஸ் பிளாஸ்டிக் பலகைகளைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அதே பிளாஸ்டிக்கின் துண்டுகளை அசிட்டோனில் கரைத்து, பின்புறத்தில் கண்ணாடியிழைத் துணியோடு பூசினால் நன்றாகப் பிடிக்கும். ஆனால் அசிட்டோனோ, அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானோ அக்ரிலிக் முகப்புக் கண்ணாடியில் பட்டால், சிலந்தி வலைபோல் நுண்விரிசல்கள் ஓடும். அதை மாற்றியே ஆக வேண்டிவரும்.

சத்தம் குறைய வேண்டுமென்று நீரை உறிஞ்சும் பஞ்சை அலுமினியத் தகட்டில் ஒட்டுவோரும் இருக்கிறார்கள். அடைமழைக் காலத்தில் ஈரம் அதில் தங்கி, கண்ணுக்குத் தெரியாமல் தகடு அரிக்கும். எடையும் கூடும்; கழற்றியதையும் பொருத்துவதையும் எடை போட்டுப் பதிவேட்டில் எழுதுங்கள்.

திருகாணி சிறியதுதானே என்று நினைக்காதீர்கள். செஸ்னாவின் கதவுத் தூண்களுக்குள் எரிபொருள் குழாய் இறங்குகிறது. தொலைந்த திருகாணிக்குப் பதில் அரை அங்குலம் நீளமான ஒன்றை முடுக்கினால், அதன் கூர்முனை அந்தக் குழாயை உரசிக்கொண்டே இருக்கும். கழற்றும்போதே ஒவ்வொரு பலகையின் திருகாணிகளையும் தனித்தனிப் பையில் போட்டு, எந்த இடத்தினுடையவை என்று எழுதி, அந்தப் பலகையிலேயே கட்டிவிடுங்கள்.