எஸ்ட்ரெமதூரா பயணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாட்ரிட்டிலிருந்து லிஸ்பன் செல்லும் வழியில் ஏ-5 நெடுஞ்சாலை மேற்கு ஸ்பெயினிலுள்ள எஸ்ட்ரெமதூராவைக் குறுக்கே கடக்கிறது. அந்த வழியாகப் போகிறவர்களில் பலர் மெரிடாவில் இரண்டு மணி நேரம் இறங்கி, ரோமானிய அரங்கைப் பார்த்துவிட்டு மறுபடி வண்டி ஏறிவிடுகிறார்கள். காசெரெஸ், பாதஹோஸ் என்ற இரண்டு மாகாணங்கள் சேர்ந்த இந்தப் பகுதியின் பரப்பு சுமார் 41,600 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகையோ பத்து லட்சத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். ஆள் குறைந்த இந்த நிலத்தில்தான் மேற்கு ஐரோப்பாவின் வேறு பல பகுதிகளில் அருகிப்போன பறவைகள் இன்னும் கூட்டமாக வாழ்கின்றன. அவை எல்லா மாதமும் இருப்பதில்லை, இருக்கும் மாதத்திலும் எல்லா நேரமும் கண்ணில் படுவதில்லை. இங்கே வந்து ஏமாந்து திரும்புகிறவர்களில் பெரும்பாலோர் சரியான இடத்துக்குத்தான் போயிருப்பார்கள். போன மாதமோ மணியோதான் தவறாக இருந்திருக்கும்.

கோடை விடுமுறையில் வருவது

ஜூலை, ஆகஸ்டில் இங்கே வெயில் 40 டிகிரியைத் தொடுவது சாதாரணம். புல் காய்ந்து வைக்கோல் நிறமாகிவிடும், சிற்றாறுகள் வற்றிவிடும். காசெரெஸ் பழைய நகரத்தின் கூரைகளிலும் ட்ருஹீயோ காளைப்போர் அரங்கின் ஓடுகளுக்கு அடியிலும் கூடு கட்டும் சிறு வல்லூறுகள் குஞ்சுகளைப் பறக்கவிட்டுக் கலைந்து போயிருக்கும். கோடையில்தான் வர முடியும் என்றால் காலை ஆறிலிருந்து பத்து வரையும், மாலை எட்டுக்குப் பிறகும் மட்டும் வெளியே திட்டமிடுங்கள். மெரிடாவின் ரோமானிய அரங்கில் இரவு நாடக விழா நடப்பதும் அப்போதுதான், அது ஒன்றுக்காகவே வரலாம். ஆனால் விழா நாட்களில் மேடையை அரங்க அமைப்புகள் மறைத்திருக்கும். பின்னணித் தூண்களை முழுதாகப் படம் எடுக்க நினைப்பவர்கள் வேறு மாதம் வர வேண்டும்.

மார்ச் நடுவிலிருந்து மே தொடக்கம் வரை ஒரு தடவை, நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை இன்னொரு தடவை என்பதே எங்கள் பரிந்துரை. வசந்தத்தில் கருநாரை வந்திருக்கும், சமவெளிகளில் பூ விரிந்திருக்கும். குளிர்காலம் கொக்குகளின் (கிரேன்) காலம். இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்க முடியாது. செப்டம்பர் கடைசியில் வருகிறவர்களுக்கு வேறொன்று உண்டு: இணை தேடும் ஆண் செம்மான்களின் உறுமல். பொழுது சாயும் நேரத்தில் மலைச் சரிவுகளில் அது எதிரொலிக்கும்.

செர்ரிப் பூவுக்கு நாள் குறிப்பது

ஹெர்தே பள்ளத்தாக்கின் செர்ரி மரங்கள் மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கத்தில் பூக்கும் என்பது பொதுக் கணக்கு. குளிர்காலம் இளஞ்சூடாக இருந்தால் முன்னதாகவும், குளிர் நீண்டால் தள்ளியும் பூக்கும். மழையும் காற்றும் சேர்ந்து வந்தால் ஓரிரு நாளில் இதழெல்லாம் தரையில் கிடக்கும். ஆறு மாதம் முன்பே பணம் திரும்பக் கிடைக்காத அறையை எடுத்துவிட்டு வெறுங்கிளைகளைப் பார்க்கிறவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். ரத்து செய்யக்கூடிய அறையாக எடுங்கள். பிளாசென்சியா நகரில் தங்கினால் ஹெர்தேயில் பூ இல்லாவிட்டாலும் மோன்ஃப்ராக்வே தேசியப் பூங்காவும் லா வேரா வட்டாரமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.

இன்னொரு விஷயம் உயரம். பூ பள்ளத்தாக்கின் அடியில் தொடங்கி மேலே ஏறும். நவகொன்செஹோ, கபேசுவேலா, ஹெர்தே, தொர்னவாகஸ் என்று என்-110 சாலை ஏறிக்கொண்டே போய் சுமார் 1,270 மீட்டர் உயரக் கணவாயைத் தொடுகிறது. கீழே உதிர்ந்திருந்தால் திரும்பிவிடாதீர்கள், மேலே ஏறிப் பாருங்கள். கீழே விரிந்து மேலே மொட்டாக இருந்தால் சற்று முன்னதாக வந்திருக்கிறீர்கள் என்று பொருள். சனி, ஞாயிறுகளில் அந்த ஒற்றைச் சாலை வண்டிகளால் அடைபடும். செவ்வாய், புதன் நல்ல நாட்கள்.

மோன்ஃப்ராக்வேயில் விடியலுக்குப் போய் நிற்பது

பறவை பார்ப்பதென்றால் விடியற்காலை என்பது பழக்கமான எண்ணம். பாறுகளுக்கு, அதாவது பிணந்தின்னிக் கழுகுகளுக்கு, அது பொருந்தாது. கறுப்புப் பாறின் சிறகு விரிப்பு மூன்று மீட்டரை நெருங்கும். அவ்வளவு கனத்த உடலைச் சிறகடித்தே தூக்கிச் செல்வது அதற்குக் கட்டுப்படியாகாது. பாறை சூடேறி வெப்பக்காற்று எழும்பும் வரை அது காத்திருக்கும். ஆகவே முற்பகல் பத்து மணிக்குப் பிறகே வானம் நிறையத் தொடங்கும். குளிர்காலத்தில் இன்னும் தாமதமாகும். விடியற்காலையைச் சிறு பறவைகளுக்கும் மான்களுக்கும் செலவிட்டு, பத்தரைக்கு சால்த்தோ தெல் ஹித்தானோ காட்சிமுனையில் இருங்கள். தாஹோ ஆற்றின் எதிர்க்கரையில் செங்குத்தாக நிற்கும் பெனிய ஃபல்கோன் பாறையில் கிரிஃபன் பாறுகள் கூட்டமாகக் கூடு கட்டுகின்றன. பாறையின் கீழ்ப்பகுதியைத் தொலைநோக்கியால் நிதானமாகத் துழாவினால், பிப்ரவரி கடைசியிலிருந்து கோடை முடியும் வரை கருநாரையின் கூடு தென்பட வாய்ப்புண்டு.

அந்தப் பாறையிலேயே கறுப்புப் பாறின் கூட்டையும் தேடுவது மிகப் பொதுவான பிழை. கறுப்புப் பாறு மரத்தில் கூடு கட்டும், அதுவும் ஆள் நடமாட்டமில்லாத நிழற்சரிவில். உலகிலேயே அதன் மிகப் பெரிய கூட்டங்களில் ஒன்று இங்கே இருக்கிறது, சுமார் 300 இணைகள். அதைப் பறக்கும்போதுதான் பார்க்க வேண்டும். கிரிஃபனின் சிறகு இரு நிறம்: முன்பாதி பழுப்பு, பின்பாதி கருமை. கறுப்புப் பாறோ ஒரே கருமையாக, பலகை போல நேரான சிறகுடன் மிதக்கும். மேலே மோன்ஃப்ராக்வே கோட்டைக்கு ஏறினால் இவை கண்மட்டத்தில், சில நேரம் நம் காலுக்குக் கீழே பறக்கும். ஏற்றம் கடினம்தான், ஆனாலும் விட்டுவிட வேண்டாம். ஸ்பானிய ராஜாளிக் கழுகுக்குப் பூங்காவின் கிழக்கு முனையிலுள்ள போர்த்தியா தெல் தியேத்தார் காட்சிமுனை நல்லது. அங்கே அந்தி வேளையில் கொம்பன் ஆந்தையும் குரல் கொடுக்கும்.

ரயில் வழியாக வருகிறவர்கள் ஏமாறும் இடம் ஒன்று: மோன்ஃப்ராக்வே என்றே பெயருள்ள நிலையம் பூங்காவுக்குள் இல்லை. பூங்காவின் ஒரே ஊரான வியாரியால் தெ சான் கார்லோஸில்தான் பார்வையாளர் மையம் இருக்கிறது, நிலையத்திலிருந்து அது நடந்துபோகும் தூரமல்ல. ஐபீரிய லிங்ஸ் பூனையை இங்கே எதிர்பார்த்து வருவதும் வேண்டாம். எஸ்ட்ரெமதூராவில் அதை மீண்டும் குடியேற்றிய இடம் தெற்கே பாதஹோஸ் மாகாணத்தின் மத்தாச்செல் பள்ளத்தாக்கு.

சமவெளியில் காரைவிட்டு இறங்குவது

நம் கானமயிலின் நெருங்கிய உறவான பெருங்கானமயிலை உலகிலேயே அதிகம் கொண்ட நாடு ஸ்பெயின். அதன் வேட்டை 1980-இல் தடைசெய்யப்பட்டது. காசெரெஸுக்கும் ட்ருஹீயோவுக்கும் இடைப்பட்ட புல்வெளிகளிலும் லா செரேனாவிலும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் ஆண் பறவைகள் உடலைப் புரட்டி வெள்ளை இறகுப் பந்தாகி ஆடும். காலை முதல் இரண்டு மணி நேரமும் மாலை கடைசி இரண்டு மணி நேரமும்தான் இந்த ஆட்டம். நடுப்பகலில் தரைச் சூடு காற்றை அலையடிக்க வைப்பதால் நல்ல தொலைநோக்கியிலும் உருவம் உருகித் தெரியும்.

கார் நின்றால் இந்தப் பறவை பெரும்பாலும் பொருட்படுத்தாது. கதவு திறந்து மனித உருவம் வெளிப்பட்டதும் நடக்கத் தொடங்கி, பிறகு பறந்துவிடும். ஆட்டக்களத்திலிருந்து ஒரு முறை கலைந்தால் அன்றைய ஆட்டமே கெட்டுவிடும். ஆகவே வண்டியை ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்து, கண்ணாடியை இறக்கி, உள்ளிருந்தே பாருங்கள். மற்ற வண்டிகளுக்கும் டிராக்டருக்கும் வழி விட்டு நிறுத்துங்கள். கைப்பேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அழைப்பது கூடவே கூடாது. இனப்பெருக்கக் காலத்தில் அது பறவையின் நேரத்தையும் ஆற்றலையும் தின்றுவிடும்.

குளிர்காலக் கொக்குகளுக்கும் இதே ஒழுங்குதான். லட்சத்தைத் தாண்டும் எண்ணிக்கையில் அவை வட ஐரோப்பாவிலிருந்து இங்கே இறங்குகின்றன. குவாதியானா பாசனப் பகுதியில் நெல்லும் மக்காச்சோளமும் அறுத்த அரிதாளில் சிந்திய மணிதான் அவற்றின் பெரும் உணவு, ஓக் கொட்டைகளும் உண்டு. பகலெல்லாம் வயல் வயலாகத் துரத்துவதைவிட, நவல்வியார் தெ பேலா ஊருக்கு அருகிலுள்ள மொஹேதா ஆல்த்தா மையத்தில் விசாரித்துக்கொண்டு, சூரியன் மறைய ஒரு மணி நேரம் முன்னதாக அவை அடையும் நீர்நிலை ஒன்றின் ஓரம் போய்விடுங்கள். எக்காளம் போன்ற அந்தக் குரல் முதலில் கேட்கும், பிறகு வரிசை வரிசையாக வந்து இறங்கும்.

தெஹேசாவைக் காடு என்று நினைப்பது

ஓக் மரங்கள் பரவலாக நிற்கும் புல்வெளிக்குத் தெஹேசா என்று பெயர். காடு போலத் தெரிந்தாலும் அது பல நூற்றாண்டுகளாக மனிதர் வளர்த்தெடுத்த மேய்ச்சல் நிலம், பெரும்பகுதி தனியார் சொத்து. தக்கை ஓக்கின் பட்டையைக் குறைந்தது ஒன்பது ஆண்டுக்கு ஒரு முறைதான் உரிப்பார்கள். அடிமரம் செந்நிறமாக மொட்டையாக நின்றால் நோய் என்று எண்ண வேண்டாம், அண்மையில் உரித்திருக்கிறார்கள்.

வேலி தாண்டி நிழல் தேடி உட்காருவது இங்கே ஆபத்தும் அத்துமீறலும் ஆகும். சண்டைக்காளை வளர்க்கும் பண்ணைகள் உண்டு. மந்தையைக் காக்கும் மாஸ்தீன் நாய்கள் ஆளைப் பார்த்ததும் ஓடிவரும். அப்போது ஓடாமல் நின்று, மந்தையைச் சுற்றி விலகி நடக்க வேண்டும். பொதுப் பாதையின் குறுக்கே கதவு இருந்தால் திறந்து போகலாம், ஆனால் இருந்தபடியே விட்டுவிட்டுப் போங்கள்: மூடியிருந்தால் மூடுங்கள், திறந்திருந்தால் திறந்தே விடுங்கள். தண்ணீருக்காகவே சில நேரம் திறந்து வைத்திருப்பார்கள். கறுப்பு-வெள்ளையாகக் குறுக்கே பிரிந்த சிறு தகடு வேட்டை நிலத்தின் எல்லைக்குறி. அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை வார இறுதிகளில் துப்பாக்கி வேட்டை நடக்கும், எச்சரிக்கைப் பலகை வைத்த பாதையில் அன்று நுழையாதீர்கள்.

மெரிடாவை அரங்கோடு முடித்துக்கொள்வது

படைப்பணி முடித்த ரோமானிய வீரர்களுக்காக அகஸ்டஸ் கி.மு. 25-இல் நிறுவிய ஊர் இது. 1910 வரை அரங்கின் மேல் இருக்கைப் பகுதியின் சிதறிய துண்டுகள் மட்டுமே மண்ணுக்கு மேல் தெரிந்தன. ஊரார் அதை ஏழு நாற்காலிகள் என்றே அழைத்தார்கள். இன்று நாம் பார்க்கும் மேடைத் தூண்வரிசை அகழ்வுக்குப் பின் 20-ஆம் நூற்றாண்டில் எடுத்து நிறுத்தியது. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் கல்லின் நிற வேறுபாடே கதை சொல்லும். காலையில் கதவு திறந்ததும் அரங்கு, பிறகு பக்கத்திலேயே ரஃபாயேல் மொனேயோ வடிவமைத்த ரோமானியக் கலை அருங்காட்சியகம், மாலையில் குவாதியானா ஆற்றின் மீதுள்ள ரோமானியப் பாலம், கடைசி வெளிச்சத்தில் லோஸ் மிலாக்ரோஸ் நீர்க்கால்வாய்த் தூண்கள் என்ற வரிசை நன்றாக அமையும். அந்தத் தூண்களின் உச்சியில் செங்கால் நாரைகள் கூடு கட்டியிருக்கும். நேரமிருந்தால் அந்தக் கால்வாய்க்கு நீர் கொடுத்த ப்ரொசெர்ப்பினா அணைக்கும் போகலாம், நகருக்கு வடக்கே சில கிலோமீட்டர்தான்.

திங்கட்கிழமையை அருங்காட்சியகத்துக்கு ஒதுக்காதீர்கள், பல இடங்கள் மூடியிருக்கும். சிற்றூர்க் கோயில்களும் கடைகளும் பகல் இரண்டிலிருந்து ஐந்து வரை அடைத்திருக்கும். குவாதலூபே ஊரிலுள்ள மடத்துக்குள் நினைத்தபடி சுற்ற முடியாது, வழிகாட்டியுடன் குழுவாகத்தான் போக வேண்டும். சுர்பரானின் ஓவியங்கள் உள்ள பூசைப்பொருள் அறைக்கும் அப்படித்தான். பகல் ஒரு மணிக்குப் போய் நின்றால் மாலை வரை காத்திருக்க நேரலாம்.

சாப்பாட்டில்

பன்றித் தொடைக் கறியான ஹமோன் வாங்குகிறவர்கள் கடைக்காரர் சொல்லை நம்பாமல் குளம்புக்கு மேலே கட்டிய பட்டையின் நிறத்தைப் பாருங்கள். கறுப்பு என்றால் நூறு சத ஐபீரிய இனம், ஓக் கொட்டை தின்று கொழுத்தது. சிவப்பும் ஓக் கொட்டை தின்றதுதான், இனம் கலப்பு. பச்சை, மேய்ச்சலோடு தீவனமும் உண்டது. வெள்ளை, தீவனத்தில் மட்டும் வளர்ந்தது.

சைவர்கள் இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் போதாது. காய்கறித் தட்டிலும் ஹமோன் துண்டு தூவி வரும். "சின் ஹமோன், சின் சோரிசோ" (ஹமோனும் வேண்டாம், சோரிசோ என்ற பன்றித் தொத்திறைச்சியும் வேண்டாம்) என்று பெயர் சொல்லி மறுங்கள். ரொட்டித் துருவலில் செய்யும் மீகாஸில் பெரும்பாலும் பன்றி இருக்கும். தோர்த்தா தெல் கசார் என்ற செம்மறி ஆட்டுப்பால் சீஸ் சைவர்களுக்கு ஏற்றது, விலங்கின் குடல் நொதிக்குப் பதில் காட்டு முள்செடியின் பூவால் உறைய வைப்பது. அதைக் குளிர்ந்தபடியே துண்டு போடுவதுதான் தவறு. இரண்டு மணி நேரம் வெளியே வைத்து, மேல்தோலை மூடி போல வட்டமாக வெட்டி, உள்ளிருக்கும் குழைவை எடுத்து ரொட்டியில் தடவ வேண்டும். லா வேராவின் பிமெந்தோன் மிளகாய்ப்பொடி ஓக் விறகுப் புகையில் இரண்டு வாரம் வரை உலர்ந்து வருவது. இனிப்பு, இளங்காரம், காரம் என மூன்று வகை. நம் வழக்கப்படி கொதிக்கும் எண்ணெயில் போட்டால் நொடியில் கசந்துவிடும். அடுப்பை அணைத்த பிறகு சேருங்கள்.

சாலையும் உடம்பும்

பேருந்தை நம்பி காட்டுயிர் பார்க்க முடியாது, கார் வேண்டும். வாடகைக்குக் கிடைப்பதில் பெரும்பாலும் கியர் கார். ஆட்டோமேட்டிக் வேண்டுமானால் முன்பே சொல்லி வையுங்கள். இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் எடுத்து வாருங்கள். ட்ருஹீயோவில் மூன்று இரவு தங்கினால் மோன்ஃப்ராக்வே, காசெரெஸ், மெரிடா, குவாதலூபே எல்லாம் ஒன்று, ஒன்றேகால் மணி நேரத்துக்குள். குவாதலூபே சாலை வளைந்து ஏறுவது, இருட்டில் காட்டுப்பன்றியும் மானும் குறுக்கே வரும். எரிபொருள் பாதி குறைந்ததுமே நிரப்பிக்கொள்ளுங்கள்.

லோஸ் பிலோனெஸ் போன்ற கல்குளங்களில் குளிக்கும்போது மலைமேல் இடி கேட்டால் உடனே வெளியேறுங்கள், வெள்ளம் முன்னறிவிப்பின்றி இறங்கும். கோடையில் வெட்டவெளியில் அடுப்போ சிகரெட் துண்டோ கூடாது. புகை கண்டால் 112-ஐ அழையுங்கள்.

வசந்தத்திலும் கோடையிலும் புல்லில் உண்ணி இருக்கும். காசெரெஸ் மாகாண உண்ணிகளில் கிரிமியன்-காங்கோ காய்ச்சல் வைரஸ் 2010-இலேயே கண்டறியப்பட்டது. நோய் அரிது, ஆனால் கடுமையானது. கால்சட்டை முனையைக் காலுறைக்குள் செருகி நடங்கள், இரவு முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்பு எல்லாம் தடவிப் பாருங்கள். ஒட்டியிருந்தால் எண்ணெய் விடவோ சுடவோ நசுக்கவோ கூடாது. நுனிக் கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுத்து, சோப்பு நீரால் கழுவுங்கள். அடுத்த இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், எங்கே எந்தத் தேதியில் கடித்தது என்பதை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள்.