991-இல் ஒன்று: சேகரிப்புக் கார் வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விபத்தில் சிக்கிய காரா என்று பார்க்க வேண்டும், இன்ஜினை விவரம் தெரிந்தவரிடம் காட்ட வேண்டும் என்பனவற்றை இங்கே எழுதப்போவதில்லை. பல லட்சம் டாலர் கொடுத்து ஒரு ஸ்போர்ட்ஸ் காரை வாங்குபவருக்கு அவற்றைச் சொல்லப் பக்கத்திலேயே ஆள் இருப்பார். குறைந்த எண்ணிக்கையில் தயாரிக்கப்பட்ட கார்களுக்கு மதிப்பீடு எழுதிக் கொடுப்பது என் தொழில். விலைக் கணக்கில் ஒரு காலத்தில் நாங்கள் சறுக்கிய அதே இடங்களில் புதியவர்களும் வரிசையாகச் சறுக்குவதைப் பார்க்கிறேன். அவற்றுள் ஒன்று இன்றும் எரிச்சலூட்டுவதால் அதற்கே அதிக இடம் தருகிறேன்.

தகட்டில் உள்ள எண்ணை விலையாக வாசிப்பது

2016 மார்ச் மாதம் ஜெனீவா கண்காட்சியில் போர்ஷே நிறுவனம் 911 ஆர் என்ற காரை அறிமுகப்படுத்தியது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் வந்த 911 ஜிடி3-இல் மேனுவல் கியர் கிடையாது. தானாகவோ விசையாலோ கியர் மாறும் பிடிகே மட்டுமே இருந்தது. கிளட்சை மிதித்துக் கியர் போட்டு ஓட்டிப் பழகிய ரசிகர்களுக்கு இது பெருங்குறையாக இருந்த நேரத்தில், 4 லிட்டர் கொள்ளளவும் 500 குதிரைத்திறனும் கொண்ட இன்ஜின், ஆறு கியர் மேனுவல், பின்புறம் பெரிய இறக்கையில்லாத பழைய 911-இன் தோற்றம் ஆகியவற்றோடு 911 ஆர் வந்தது. மொத்தம் 991 கார்கள்தான் என்று நிறுவனம் அறிவித்தது. போர்ஷேயின் 918 ஸ்பைடர் என்ற இன்னொரு காரை வைத்திருந்தவர்களுக்கு முன்னுரிமை தரப்பட்டதால், காசோலையோடு ஷோரூமுக்குப் போன பலர் வெறுங்கையோடு திரும்பினர். அமெரிக்காவில் 1,84,900 டாலர் அடிப்படை விலை கொண்ட அந்தக் காருக்குச் சில மாதங்களிலேயே 5 லட்சம் டாலருக்கு மேல் கேட்கத் தொடங்கினார்கள். கொடுக்கவும் ஆள் இருந்தது.

அந்த உச்சத்தில் வாங்கிய ஒருவர் மதிப்பீட்டுக்காகக் காரைக் காட்டியபோது, முதலில் தொட்டுக் காட்டியது 991-இல் அது எத்தனையாவது கார் என்று பொறித்து, பயணி இருக்கைக்கு எதிரே பதித்திருந்த தகட்டைத்தான். இதற்கு மேல் ஒன்றுகூட வராது, எண்ணி முடித்துவிட்டார்கள் என்பது அவருடைய வாதம். அந்தக் காரில் ஒற்றை நிறை ஃப்ளைவீல் (இன்ஜின் சுழற்சியைச் சீராக்கும் சக்கரத்தின் எடை குறைந்த வகை) பொருத்தப்பட்டிருக்கிறதா என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. காரைப் புதிதாக வாங்கும்போதே கூடுதல் விலை கொடுத்துக் கேட்டுப் பெற வேண்டிய அந்தப் பாகம் உள்ள கார்களுக்குச் சந்தையில் தனி மவுசு உண்டு. நியூட்ரலில் வைத்துக் கிளட்சை விட்டால் அது கடகடவென்று சத்தம் போடும். தெரியாதவர் பழுதென்றே நினைத்துவிடுவார். தகட்டின் எண்ணை மனப்பாடமாகச் சொன்னவர், தன் காரின் விலையை உண்மையிலேயே கூட்டவோ குறைக்கவோ செய்யும் ஒரு விவரத்தைக் கேட்காமலே பணத்தைக் கொடுத்திருந்தார்.

2017 மார்ச்சில் அதே ஜெனீவாவில் புதிய ஜிடி3 மேனுவல் கியருடன் வந்தது. செப்டம்பரில் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் அதன் டூரிங் வகை, பெரிய இறக்கையும் இல்லாமல் வந்தது. எண்ணிக்கைக்கு வரம்பு எதுவும் அதற்குச் சொல்லப்படவில்லை. 911 ஆர் விலை மளமளவென்று இறங்கியது. போர்ஷே வாக்குத் தவறவில்லை. 911 ஆர் அன்றும் இன்றும் 991 மட்டுமே. ஆனால் வாங்கியவர்கள் ஆசைப்பட்டது அந்த எண்ணுக்காக அல்ல, மேனுவல் கியரும் அடக்கமான தோற்றமும் கொண்ட வேகமான 911-க்காக. அதை மறுபடியும் செய்ய நிறுவனத்துக்கு எந்தத் தடையும் இருக்கவில்லை. பின்னர் விலை ஓரளவு மீண்டது என்பது உண்மைதான். ஆனால் உச்சத்தில் வாங்கியவருக்கு நடுவிலிருந்த ஆண்டுகள் கசப்பானவை.

எண்ணிக்கைதான் விலையைத் தீர்மானிக்கிறது என்றால் ஜாகுவார் எக்ஸ்ஜே220 இன்று ஃபெராரி எஃப்40-ஐவிடப் பல மடங்கு விலைபோக வேண்டும். எஃப்40 1,300-க்கும் அதிகமாகத் தயாரானது. எக்ஸ்ஜே220 சுமார் 280 மட்டுமே. நடப்பது நேர்மாறு. 1988-இல் பர்மிங்காமில் காட்டப்பட்ட எக்ஸ்ஜே220-இல் வி12 இன்ஜினும் நான்கு சக்கர இயக்கமும் இருந்தன. 50,000 பவுண்டு முன்பணம் கட்டியவர்களுக்குக் கிடைத்த காரிலோ டர்போ பொருத்திய வி6 இன்ஜினும் பின்சக்கர இயக்கமும் இருந்தன. இடையில் பொருளாதார மந்தமும் சேர்ந்துகொள்ள, முன்பணம் கட்டியவர்கள் பின்வாங்கப் பார்த்தார்கள், வழக்குகள் எழுந்தன. இன்று அதை நல்ல கார் என்றே சொல்வேன். ஆயினும் அந்தக் கசப்பின் நிழல் விலையில் நெடுங்காலம் படிந்திருந்தது.

லெக்சஸ் எல்எஃப்ஏ மொத்தமே 500 கார்கள். அமெரிக்காவில் 3,75,000 டாலரிலிருந்து விலை. 2012 டிசம்பரில் தயாரிப்பு முடிந்து ஆண்டுகள் கழிந்த பின்னும் சில கார்கள் அமெரிக்க ஷோரூம்களில் விற்காமல் நின்றன. இன்று அதே கார் அந்த விலையைப்போல் இரு மடங்குக்கும் மேல் போகிறது. இடைப்பட்ட காலத்தில் 500 என்பது குறையவில்லை. டர்போவும் மின்மோட்டாரும் இல்லாமல் உச்சத்தில் அலறும் வி10 இன்ஜினைப் புகை விதிகளுக்கிடையே இனி யாரும் புதிதாகச் செய்யப்போவதில்லை என்பது சந்தைக்குப் புரிந்தது. மதிப்பீட்டில் நான் முதலில் கேட்கும் கேள்வியும் அதுவே: இந்தக் காரில் உள்ள எதை இதைச் செய்த நிறுவனமே திரும்பச் செய்ய முடியாது? எத்தனை கார்கள் என்பது அதற்கு அடுத்த கேள்வி.

கேட்கும் விலையை விற்ற விலையாகக் கொள்வது

விளம்பரத்தில் இருப்பது விற்பவரின் ஆசை.

ஏல முடிவை அப்படியே எடுத்துக்கொள்வது

பெரிய ஏல நிறுவனங்கள் வெளியிடும் தொகையில், வாங்குபவர் செலுத்தும் கமிஷனும் சேர்ந்திருக்கும். அதைப் பத்து சதவீதம் என்று கொண்டால், 11 லட்சம் டாலர் என்று அச்சாகும் காருக்கு மேடையில் கடைசியாகக் கேட்கப்பட்டது 10 லட்சம். விற்றவர் தரகு ஏதும் ஒப்புக்கொண்டிருந்தால் அவர் கைக்குப் போனது அதைவிடக் குறைவு. தன் காரை விற்க நினைப்பவர் 11 லட்சத்தை மனத்தில் வைத்துக்கொண்டு வரும்போதுதான் பேரம் முறிகிறது.

ஓடாத காரைப் புதிய கார் என்று நம்புவது

2021-இல் பெப்பிள் பீச் ஏலத்தில் 242 மைல் மட்டுமே ஓடிய, மெக்லாரன் எஃப்1 என்ற சாலைக் கார் ஒன்று 2 கோடியே 4 லட்சம் டாலருக்கு மேல் விலைபோனது. அந்தத் தொகையைத் தன்னுடைய நன்றாக ஓடிய எஃப்1-க்கும் பொருத்திப் பார்ப்பவர் உண்டு, அது தவறு. ஓடாமல் நின்ற காருக்குச் செலவே இல்லை என்று நினைப்பது அதைவிடப் பெரிய தவறு. எஃப்40-இன் பெட்ரோல் தொட்டிக்குள் பந்தயக் கார்களில் உள்ளதுபோன்ற ரப்பர் பைகள் உண்டு. கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அவற்றுக்கு வயதாகும், மாற்றியே ஆக வேண்டும். டைமிங் பெல்ட்டும் டயரும் அப்படியே. மைல்மானியைப் பார்ப்பதற்கு முன் பராமரிப்பு ரசீதுகளின் தேதிகளைப் பாருங்கள்.

வண்ணம் மாற்றுவது

வேண்டாம்.

விற்பனை ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்திடுவது

2017-இல் வந்த ஃபோர்டு ஜிடி காரை வாங்கியவர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு விற்பதில்லை என்று ஒப்புக்கொண்டிருந்தார்கள். மல்யுத்த வீரரும் நடிகருமான ஜான் சீனா அதற்குள் விற்றுவிட்டதால் அதே ஆண்டு ஃபோர்டு அவர்மீது வழக்குத் தொடர்ந்தது. அடுத்த ஆண்டு சமரசத்தில் முடிந்தது. இத்தகைய நிபந்தனை உள்ள காரை இரண்டாம் கையாக வாங்குபவரும் அந்தக் கெடு முடிந்துவிட்டதா என்று எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்.

பழைய மதிப்பிலேயே காப்பீட்டைத் தொடர்வது

இத்தகைய கார்களுக்கு, இழப்பு நேர்ந்தால் தர வேண்டிய தொகையை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு எழுதும் காப்பீடு கிடைக்கிறது. அந்தத் தொகை தானாக உயராது. வாங்கிய ஆண்டின் விலையிலேயே இன்னும் காப்பீடு செய்திருக்கும் எல்எஃப்ஏ உரிமையாளர், காரை இழந்தால் கிடைக்கும் பணத்தில் இன்னொரு எல்எஃப்ஏ-வின் பாதியைக்கூட வாங்க முடியாது. ஒவ்வொரு புதுப்பித்தலுக்கு முன்பும் அண்மையில் உண்மையாகக் கைமாறிய விலைகளை வைத்து அந்த எண்ணைத் திருத்திக்கொள்ளுங்கள்.