அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் பொறியியல் இடம்: கட்ஆஃப், விருப்பப் பட்டியல், செலவு

அண்ணா பல்கலைக்கழக வளாகங்களான கிண்டி பொறியியல் கல்லூரியிலோ குரோம்பேட்டை எம்ஐடியிலோ (மெட்ராஸ் தொழில்நுட்ப நிறுவனம்) பி.இ. சேர்வதற்குத் தனி நுழைவுத் தேர்வு கிடையாது; மதிப்பெண் அடிப்படையிலான கலந்தாய்வில்தான் இடம் கிடைக்கும். பன்னிரண்டாம் வகுப்புக் கணித மதிப்பெண்ணை அப்படியே எடுத்துக்கொண்டு, இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களைப் பாதியாக்கிக் கூட்டினால் 200க்கு வருவதே உங்கள் கட்ஆஃப். கணிதத்தில் 92, இயற்பியலில் 86, வேதியியலில் 90 பெற்றவருக்கு 92, 43, 45 என 180 வரும். ஒரே கட்ஆஃபில் பலர் இருந்தால் முதலில் கணித மதிப்பெண்ணைத்தான் ஒப்பிடுகிறார்கள் என்பதால், அந்தப் பாடத்தில் விடும் ஒரு மதிப்பெண் இருமுறை அடிக்கும்.

சென்ற ஆண்டு கட்ஆஃபை, அதாவது ஒரு பாடப்பிரிவில் கடைசியாக இடம் பெற்றவரின் மதிப்பெண்ணைப் பார்க்கும்போது, உங்கள் இடஒதுக்கீட்டுப் பிரிவுக்கு உரியதையே பாருங்கள். தமிழ்நாட்டில் 69 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடும் உண்டு.

பிள்ளைகள் அதிகம் தவறுவது, கலந்தாய்வில் வேண்டிய கல்லூரியையும் பாடப்பிரிவையும் வரிசையாகத் தரும் விருப்பப் பட்டியலில்தான். "கிடைக்காததை முதலில் போட்டால் கிடைக்க வேண்டியதும் போய்விடும்" என்று ஊரில் யாராவது சொல்லிவிடுகிறார்கள், அது சரியன்று. உங்கள் தரவரிசை எண் வரும்போது, பட்டியலில் மேலிருந்து கீழாகப் பார்த்து, காலியாக உள்ள முதல் இடத்தையே கணினி ஒதுக்குகிறது. ஆகவே எட்டாததுபோல் தோன்றும் பாடப்பிரிவை மேலே வைப்பதால் கீழே உள்ள எதையும் நீங்கள் இழப்பதில்லை. கல்லூரிக் குறியீடு 1 கிண்டி, 4 எம்ஐடி. இவற்றை உண்மையான விருப்ப வரிசையில் எழுதி, அடுத்தடுத்துப் பல கல்லூரிகளையும் தயங்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள். தற்காலிக ஒதுக்கீடு வந்தபின் குறித்த நாளுக்குள் உறுதிசெய்யாவிட்டால் இடம் கைவிட்டுப் போகும்.

பாடப்பிரிவின் பெயருக்குப் பின்னால் 'எஸ்எஸ்' என்றிருந்தால் அது சுயநிதிப் பிரிவு. ஒரே வளாகம், ஒரே பட்டம் என்றாலும் கட்டணம் கூடும். வீட்டில் பேசிவிட்டுத்தான் அதைப் பட்டியலில் ஏற்றவேண்டும். கல்விக் கட்டணத்தோடு விடுதி, உணவுச் செலவையும் நான்கு ஆண்டுக்குக் கணக்கிடுங்கள். 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்பவர்களுக்குக் கல்வி, விடுதிக் கட்டணங்களை அரசே ஏற்கிறது. அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும்.

குடும்பத்தில் இதுவரை எவரும் பட்டம் பெறவில்லையென்றால், முதல் பட்டதாரிச் சான்றிதழ் கல்விக் கட்டணத்தில் சலுகை பெற்றுத் தரும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வட்டாட்சியர் அலுவலகம் வழியாக வரும் இந்தச் சான்றிதழைத் தேர்வு முடிவுக்குப் பிறகு தேட ஆரம்பிக்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்குக் குடும்ப அட்டையில் அப்பா பெயர் 'முருகன்', மதிப்பெண் பட்டியலில் 'முருகேசன்'. அதைத் திருத்த அவர் மே மாதம் முழுவதும் அலைந்தார். பொதுத்தேர்வு முடிந்த மறுநாளே ஆதார், குடும்ப அட்டை, பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ் நான்கையும் ஒரே மேசையில் பரப்பி, பெயரையும் தலைப்பெழுத்தையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.