சைக்கிள் நட்டு அடிக்கடி கழல்கிறதா? இப்படிச் செய்து பாருங்கள்

சேரன்மகாதேவியிலிருந்து பத்தமடை வரும் வழியில் ஒருநாள் என் இடது பெடல் லொடலொடவென்று ஆட ஆரம்பித்தது. இறங்கி, பையிலிருந்த ஸ்பேனரை எடுத்து, எல்லா நட்டும் போலத்தானே என்று வலது பக்கமாக முறுக்கினேன். முறுக்க முறுக்கப் பெடல் வெளியேதான் வந்தது. அதைத் திரும்ப உள்ளே திணித்து, கோணலாக ஏற்றி, மிதித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன். மறுநாள் கடையில் அண்ணாச்சி கிராங்கை, அதாவது பெடல் மாட்டும் தண்டைக் கழற்றிக் காட்டினார். உள்ளே மரை இருக்க வேண்டிய இடத்தில் அலுமினியத் தூள்தான் இருந்தது. "தம்பி, மரையே போச்சுல்லா" என்றார். புது கிராங்க் போட வேண்டியதாயிற்று.

அதனால் முதல் பாடமே பெடல். வலது பெடலுக்குச் சாதாரண மரை, இடது பெடலுக்குத் தலைகீழ் மரை. மிதிக்க மிதிக்கத் தானாகக் கழன்றுவிடக் கூடாது என்றுதான் அப்படி வைத்திருக்கிறார்கள். எந்தப் பக்கம் எப்படி என்று மனப்பாடம் செய்ய வேண்டாம். ஸ்பேனரைப் பெடலுக்கு மேலே நிமிர்த்தி வைத்து, முன்சக்கரத்தைப் பார்த்துத் தள்ளினால் இரண்டு பெடலும் இறுகும், பின்னால் தள்ளினால் இரண்டும் கழலும். மாட்டும் முன் மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவி, முதல் நாலைந்து சுற்றுக் கையாலேயே ஏற்றுங்கள். கையால் ஏறவில்லை என்றால் கோணலாகப் போகிறது என்று அர்த்தம்.

சரி, மற்ற நட்டெல்லாம் ஏன் கழல்கிறது? போல்டை இறுக்கும்போது அது ரப்பர் மாதிரி மயிரிழை அளவு நீளும். அந்த இழுவைதான் இரண்டு பாகத்தையும் சேர்த்துப் பிடிக்கிறது. பிடி குறைந்தால், குண்டும் குழியுமான ரோட்டில் கேரியரும் பிரேமும் பக்கவாட்டில் துளித்துளியாக வழுக்கும். ஒவ்வொரு வழுக்கலுக்கும் நட்டு கொஞ்சம் பின்னால் சுற்றும். யுங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர் 1969-லேயே இதைச் சோதனை செய்து காட்டிவிட்டார். நாம் நம்பிப் போடும் ஸ்பிரிங் வாஷர் இந்தப் பக்கவாட்டு ஆட்டத்துக்குப் பெரிதாக உதவாது.

அதனால் அழுத்தமாக இறுக்குவதுதான் முதல் மருந்து. நட்டைக் கழற்றி, துருவையும் மண்ணையும் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். வாஷருக்கு அடியில் பெயிண்ட் தடிமனாக இருந்தால் அதையும் சுரண்டிவிடுங்கள், ஏனென்றால் அது நசுங்க நசுங்கப் பிடி தளரும். பெடலுக்கும் பின்சக்கர அச்சு நட்டுக்கும் 35, 40 நியூட்டன் மீட்டர் வரை போகலாம், 20 செ.மீ. ஸ்பேனர் நுனியில் 20 கிலோ அரிசிச் சாக்கைத் தொங்கவிட்டால் வரும் பலம் அது. ஹேண்டில்பாரைப் பிடிக்கும் சின்ன ஆலன் போல்டுக்கு 5 போதும், அங்கே வீரத்தைக் காட்டினால் போல்டு முறியும்.

அதற்குப் பிறகும் கழல்கிற இடங்கள் இருக்கும். மட்கார்டு, கேரியர், பால் கேன் தொங்கும் கம்பி இதெல்லாம் அப்படித்தான். அங்கே உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டுப் போடுங்கள். விரல்களாலேயே கடைசிவரை சுற்ற முடிந்தால் அந்த நைலான் தேய்ந்துவிட்டது, தூக்கிப் போடலாம். இடம் இருந்தால் ஒரு நட்டுக்கு மேல் இன்னொன்றை வைத்து, கீழே உள்ளதை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு மேலே உள்ளதை இறுக்குவதும் நல்ல வழிதான்.

கடைசியாக திரெட் லாக்கர், அதாவது மரையில் விட்டு இறுக்கும் பசை. ஹார்டுவேர் கடையில் நீல நிறம் என்று கேட்டு வாங்குங்கள், சிவப்பு வேண்டாம். அதைக் கழற்ற போல்டைச் சூடு காட்ட வேண்டியிருக்கும். எண்ணெய்ப் பிசுக்கு இல்லாத மரையில் ஒரு சொட்டு விட்டு இறுக்கி, ஒரு நாள் அப்படியே விட்டுவிடுங்கள். காற்றுப் படாத உலோக இடுக்கில்தான் அது இறுகும். கிரீஸ் தடவிய இடத்தில் விட்டுப் பயனில்லை, பிளாஸ்டிக் பாகத்தில் பட்டால் விரிசல் விழலாம்.

எல்லாம் முடிந்ததும் வீட்டில் யாரிடமாவது நெயில் பாலிஷ் கேட்டு வாங்கி, நட்டிலிருந்து பிரேம் வரை ஒரே கோடாக இழுத்துவிடுங்கள். கோடு உடைந்து விலகியிருந்தால் நட்டு சுற்றிவிட்டது, தொட்டுப் பார்க்காமலே தெரிந்துவிடும். புதிதாக இறுக்கியது முதல் ஒன்றிரண்டு சவாரியில் அழுந்தி உட்கார்ந்து கொஞ்சம் தளரும் என்பதால், அதற்குப் பின் ஒருமுறை மறுபடி ஸ்பேனர் போடுங்கள். என் கேரியரில் கோடு இன்னும் நேராகத்தான் இருக்கிறது. மட்கார்டு மட்டும் இரண்டு தடவை விலகிவிட்டது. நைலான் நட்டு வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் மாட்டவில்லை.